கிண்ணமும் வெற்றிலைப் பெட்டியும்: டச்சு வெள்ளியும் மரியாதை மரபுகளும்

பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்தில் வேலைப்பாடு மிக்க வெள்ளிப் பருகுகலம் மரியாதைச் சின்னமாக விளங்கியது. 1648இல் பார்த்தலோமியஸ் வான் டெர் ஹெல்ஸ்ட் தீட்டிய ஓவியம் இதற்கு நல்ல சான்றாகும். முன்ஸ்டர் அமைதி உடன்படிக்கையைக் கொண்டாட ஆம்ஸ்டர்டாம் வில்வீரர் குழு விருந்தில் அமர்ந்திருக்கிறது. தலைவர் துணைத்தலைவரின் கையைப் பற்றியவாறு, குழுவுக்குரிய குடிகொம்பை மற்றொரு கையில் ஏந்தியிருக்கிறார். அக்கொம்புக்கு 1566இல் வெள்ளிப் பூண் கட்டப்பெற்றது. ஒரே கலம் பலர் கைமாறுவதே அங்கு நட்பின் அடையாளம்.

இதே டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை நிறுவினர். போர்த்துக்கீசியரிடமிருந்து 1641இல் மலாக்காவையும் 1658இல் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினர். அவர்கள் வந்து சேர்ந்த தமிழ்ச் சூழலில் அந்தக் கலம் அதே பொருளைத் தந்திருக்க இயலாது. ஒருவர் வாய்வைத்த கலம் இங்கு எச்சில். அதைப் பிறருக்கு நீட்டுவது மரியாதையாகாது.

இது தொன்றுதொட்டு இருந்த நிலையன்று. யவனர் கலத்தில் வந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் பருகுவதை நக்கீரர் புறநானூற்றின் 56ஆம் பாடலில் போற்றுகிறார். ஆனால் நாயக்கர் காலத்து அவையில் மன்னனின் அருளுக்கு அடையாளம் தாம்பூலமும் ஆடையுமே. மலாய் அரண்மனைகளிலும் நிலை ஏறத்தாழ இதுவே. சிரே வைக்கும் தெப்பாக்கை இந்நாட்டு ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளைவு சுவையானது. மாற்றம் நேர்ந்தது கொடுக்க வந்தவர்களிடம். சோழமண்டலக் கரையிலோ பத்தாவியாவிலோ செய்யப்பட்டவையாகக் கருதப்படும் வெள்ளி வெற்றிலைப் பெட்டிகள் டச்சு இல்லங்களுக்குள் நுழைந்தன. பூவும் கொடியும் படர்ந்த அவற்றின் வேலைப்பாட்டில் ஐரோப்பிய வடிவமும் ஆசியக் கைவண்ணமும் பிரித்தறிய இயலாதவாறு கலந்துள்ளன. 1754இல் தலைமை ஆளுநர் யாக்கோப் மோசல் ஆடம்பரத்துக்குக் கடிவாளமிட ஆணை பிறப்பித்தபோது, குடை, வண்டி, நகைகளோடு வெற்றிலைப் பெட்டியையும் பதவிப்படி வரையறுத்தார். முன்னர் நாகப்பட்டினத்தில் சோழமண்டல ஆளுநராக இருந்தவர் அவர். வெற்றிலையின் மதிப்பை அங்கேயே கண்டிருப்பார் என்பது என் ஊகம். கிண்ணத்தால் தகுதியை அளந்த சமூகம், ஒரு நூற்றாண்டுக்குள் வெற்றிலைப் பெட்டியால் அளக்கத் தொடங்கிவிட்டது.

இதனை ஆடம்பரப் பொருள்களின் கதையாக மட்டும் கொள்ளலாகாது. தஞ்சையின் முதல் மராட்டிய மன்னர் ஏகோஜி 1676 டிசம்பர் 30 அன்று டச்சுக்காரருடன் செய்த உடன்படிக்கை வெள்ளித் தகட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது. நாகப்பட்டினமும் சுற்றியுள்ள ஊர்களும் அதில் அடங்கும். அரசவை மொழியில் அது கொடை. கும்பினியின் கணக்கில் அது உரிமைப் பத்திரம். கிண்ணத்தில் நேர்ந்த பொருள் வேறுபாட்டை விட இவ்வேறுபாடு பெரிது, ஏனெனில் இங்கு கைமாறியவை ஊர்களும் அவற்றில் வாழ்ந்த மக்களும். நாகப்பட்டினத்தை 1781இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். தகடோ கடல் கடந்து பத்தாவியா அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.