தவக்காலத்தின் பதினேழாம் நாள்



1614-ஆம் ஆண்டு ஜப்பானில் கிறிஸ்தவ மறை தடைசெய்யப்பட்டது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன. சில பத்தாண்டுகளில் அந்நாட்டில் ஒரு குருகூட இல்லை. கிறிஸ்தவரல்ல என்று காட்ட, ஆண்டவரின் திருவுருவத்தைக் காலால் மிதிக்க வேண்டும் என்று மக்கள் கட்டாயப்படுத்தப்பட்டார்கள்.

நாகசாகி அருகே உராகாமியில் வாழ்ந்த ஏழை உழவர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பார். இன்னொருவர் திருவழிபாட்டு நாள்காட்டியைக் காத்து, திருநாளையும் நோன்பையும் மற்றவர்களுக்கு அறிவிப்பார். இப்பொறுப்பு தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது.

1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் புதிதாக எழுந்த ஊரா ஆலயத்திற்கு அவர்களில் சிலர் வந்தார்கள். பிரெஞ்சு மறைப்பணியாளர் பெத்திஜானிடம் மரியன்னையின் சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். துக்க காலத்தின் பதினேழாம் நாளில் இருக்கிறோம் என்றும் சொன்னார்கள். அந்த ஆண்டு திருநீற்றுப் புதன் மார்ச் 1. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை!

அதன் பின்னும் துன்பம் தீரவில்லை. உராகாமி மக்கள் 3,000 பேருக்கு மேல் ஊரைவிட்டு அகற்றப்பட்டார்கள். 1873-இல்தான் தடை நீங்கியது.

நமக்கோ ஆலய மணி கேட்கிறது, நாள்காட்டி சுவரிலேயே தொங்குகிறது. ஆனாலும் வேலை, கடன், நோய், கைபேசி என்று செபத்தைத் தள்ளிப்போடுகிறோம். நேரம் கிடைத்தால் செபிப்போம் என்கிறோம். அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை; ஒதுக்கினார்கள். இன்றிரவே, குடும்ப செபத்திற்கு எல்லாரையும் அழைக்கும் பொறுப்பை நம் வீட்டில் ஒருவரிடம் ஒப்படைப்போம். ஆமென்.