கெப்ளரின் பற்சக்கரங்கள்

கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டறிந்த ஜொஹான்னஸ் கெப்ளர் ஒரு பம்பையும் வடிவமைத்தார் என்பது அதிகம் பேசப்படாத செய்தி. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிராகில் இரண்டாம் ருடால்ஃபின் அரசவைக் கணிதராக இருந்தபோது, சுரங்கங்களில் ஊறும் நீரை இறைப்பதற்காக அவர் யோசித்த கருவி அது. அன்றைய பிஸ்டன் பம்புகளின் தொல்லை வால்வுகள். தேய்ந்துபோகும், சேறு அடைக்கும். கெப்ளர் வால்வையே விலக்கினார். ஒரு கூட்டுக்குள் பல்லோடு பல் கோத்துச் சுழலும் இரு சக்கரங்கள். பல்லிடுக்குகளில் சிக்கிய நீர் சுவரோரமாகச் சென்று மறுபக்கம் சேரும். நடுவில் பற்கள் கவ்விக்கொண்டிருப்பதால் திரும்ப வழியில்லை.

பெயர் அவருக்கு நிலைக்கவில்லை. லியூபோல்ட் 1724-ல் வெளியிட்ட நீர்ப்பொறி நூலில் இவ்வமைப்பு பாப்பன்ஹைம் இயந்திரம் என்றே அழைக்கப்பட்டது.

இத்தனை எளிய கருத்து உயர் அழுத்தத்தை எட்ட ஏன் முந்நூறு ஆண்டுகள் ஆயின? பல்முனைக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியே காரணம். அழுத்தம் கூடக்கூட அதன் வழியே திரவம் பின்னோக்கிக் கசியும். இடைவெளி இருமடங்கானால் கசிவு எண்மடங்காகும். கையால் அராவிய சக்கரங்களால் இதை வெல்ல இயலாது.

இருபதாம் நூற்றாண்டில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. துல்லியமாகக் கடையும் இயந்திரங்கள் வந்தன. நீரைவிடப் பல பத்து மடங்கு பிசுபிசுப்பான எண்ணெய், நீரின் இடத்தைப் பிடித்தது. மூன்றாவது, அழுத்தத்தையே துணையாக்கிக்கொண்ட வடிவமைப்பு. ஒருபக்க அழுத்தம் அச்சுத்தண்டை வளைத்துத் தாங்கிகளைத் தின்றுவிடும். ஹாரி விக்கர்ஸ் 1925-ல் தம் தகட்டு பம்பில் உள்வாய்களையும் வெளிவாய்களையும் எதிரெதிரே இரட்டையாக அமைத்தார். விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்தன. பற்சக்கர பம்பிலோ, பக்கத் தட்டுகளை மிதக்கவிட்டு, வெளியேறும் எண்ணெயின் ஒரு பகுதியை அவற்றின் முதுகில் செலுத்தினார்கள். அழுத்தம் ஏறும்போது தட்டும் சக்கரத்தை நெருங்கும்.

ஆயினும் இடைவெளியை முற்றாக மூடிவிட முடியாது. உலோகம் உலோகத்தைத் தொட்டால் பம்ப் இறுகிச் செத்துவிடும். கசியும் அந்த எண்ணெய்ப் படலம்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. ஆகவே வடிவமைப்பாளர் கசிவை ஒழிப்பதில்லை. எவ்வளவு கசியலாம் என்று முடிவுசெய்கிறார்.

மண்வாரி இயந்திரங்களில் இன்று சுழலும் பற்சக்கர பம்புகள் 200 பார் அழுத்தத்தைச் சாதாரணமாகத் தாங்குகின்றன. இரண்டு கிலோமீட்டர் உயர நீர்த்தூணின் அடியிலுள்ள அழுத்தம் அது. கெப்ளர் மனத்தில் கண்ட சுரங்கங்களைவிட ஆழம் மிக அதிகம். அமைப்பு மட்டும் அவர் வரைந்ததுதான்.