இடைசெவலுக்கு வந்த தபால்

1923 செப்டம்பர் 16ஆம் தேதி கி. ராஜநாராயணன் பிறந்தார்; அடுத்த வாரமே, 23ஆம் தேதி, கு. அழகிரிசாமி. இருவரும் எழுத்தாளர்கள், கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள இடைசெவல்காரர்கள். இவர்கள் கதைகளை எடைபோட என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. நான் எடுத்துக்கொள்வது இருவருக்கும் நடுவே ஓடிய தபாலை. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக அச்சேறியிருக்கின்றன. வாசகர்கள் அவற்றில் இலக்கியத்தைத் தேடுகிறார்கள், தேடட்டும். பழந்தபால் சேகரிப்பவன் வேறு கேள்விகளோடு வருவான். கார்டா, கவரா? எந்த ஊர் முத்திரை? எத்தனை நாளில் வந்து சேர்ந்தது? யார் வீட்டில், எப்படித் தப்பிப் பிழைத்தது?

கடைசிக் கேள்வியிலேயே விஷயம் இருக்கிறது. அழகிரிசாமி ஊரைவிட்டுப் போனவர். சென்னையில் பத்திரிகை வேலை, 1952இல் மலாயா, கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’, 1957இல் திரும்பவும் சென்னை, 1970இல் மறைவு. கி.ரா.வோ 1980களின் இறுதியில் புதுவைக்குக் குடிபோகும்வரை புஞ்சையும் வீடுமாக ஊரிலேயே இருந்தவர். கடிதம் சேர்வது இருந்த இடத்தில் இருப்பவர் வீட்டில்தான். வாடகை வீடு மாற்றுகிறவர் பெட்டியில் முதலில் கழிபடுவது காகிதம். கி.ரா.வும் அந்தப் பக்கம் சளைக்காமல் எழுதியவர்தான். ‘சரஸ்வதி’ இதழில் அவருடைய ‘மாயமான்’ கதை வெளிவருமுன்பே கடிதத்தில் கை பழகியவர். ஆனாலும் நமக்கு நூலாக வந்திருப்பது ஊர்விட்டுப் போனவர் எழுதியது. எந்தக் கடிதத் தொகுப்பும் அப்படித்தான்: எழுதியவர் பெயரில் வெளிவந்தாலும், அது பெற்றவரின் சேகரிப்பு. அட்டையில் மட்டும் ஒருவர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும்.

கரிசல் காட்டு வீடுகளில் காயிதம் சேர்ந்த முறையையும் சொல்லியாக வேண்டும். அலமாரியும் கோப்பும் எங்கே இருந்தன? ஒரு கெட்டிக் கம்பி, அடியில் வட்டமாய் மரத்துண்டோ தகரமோ, மேலே உத்தரத்தில் மாட்டக் கொக்கி. வந்த கடிதத்தைப் படித்ததும் அதில் ஒரே குத்து. நடுவில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்த இடத்தில் எந்த வார்த்தை இருந்ததோ அது போயிற்று. ஆனால் அந்தக் கம்பி ஒரு பெரிய உபகாரமும் செய்தது. அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு என்று வரிசை கலையாமல் காத்தது. தேதி போடாத கடிதத்துக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டே சாட்சி சொல்லும். அப்படியொரு கம்பி கையில் கிடைத்தால், உருவுமுன் பென்சிலால் ஓரத்தில் வரிசை எண் போட்டுக்கொள்ள வேண்டும். உருவிக் குவித்துவிட்டு யோசிப்பதில் பிரயோசனம் இல்லை.

கம்பிக்கு வராத கடிதங்களும் உண்டு. எழவுச் சேதி சொல்லும் கார்டை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். படித்த கையோடு கிழித்துப் போடுவார்கள், அல்லது கூரை இறவாரத்தில் செருகிவிடுவார்கள். ஆகவே எந்தக் குடும்பத்தின் கட்டை அவிழ்த்தாலும் அதில் கல்யாணம் இருக்கும், கடன் இருக்கும், பிள்ளைப்பேறு இருக்கும். சாவு அநேகமாக இருக்காது. பழைய கடிதங்களை வைத்துச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் இந்த ஓட்டையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடிதத்தின் வெளிப்புறம் என்ன சாட்சி சொல்லும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே பழந்தபால் சேகரிப்பு ஒரு பெரிய துறையாகவே வளர்ந்திருக்கிறது. அதில் அதிகம் ஆராயப்படுவது தபால்தலை பிறப்பதற்கு முந்திய கடிதங்கள். அந்த நாட்டின் பொதுத் தபால்தலைகள் 1847 ஜூலையில்தான் வந்தன. அதற்கு முன் தாளையே மடித்து, அரக்கு வைத்து, மேல்மடிப்பில் விலாசம் எழுதிவிடுவார்கள். உறை போட்டால் அதையும் ஒரு தாளாக எண்ணிக் கூலி இரட்டிப்பாகும். கூலியைப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கொடுப்பார். தொகையைப் போஸ்ட்மாஸ்டர் பேனாவால் மேலே எழுதுவார். 30 மைலுக்குள் 6 சென்ட், 400 மைல் தாண்டினால் 25. நடுவில் பதினெட்டே முக்கால் சென்ட் என்று ஒரு விசித்திரமான தொகை வரும். அது ஸ்பானிய வெள்ளிக் காசின் கணக்கு. ஒரு ரியால் பன்னிரண்டரை சென்ட். ஒன்றரை ரியாலுக்குப் பதினெட்டே முக்கால். அமெரிக்கச் சந்தையில் அப்போது எந்தக் காசு புழங்கிற்று என்பதை ஒரு விவசாயிக்கு வந்த கடிதத்தின் மேல்மூலை சொல்லிவிடுகிறது.

அந்தக் கடிதங்களில் எழுத்தும் உறையும் ஒரே தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிய முடியாது. நம்மிடம் அதே குணம் உடையவை இரண்டு: கார்டு, இன்லண்டு லெட்டர். இந்தியாவில் 1879 ஜூலையில் காலணாவுக்குக் கார்டு வந்தது. 1950இல் இன்லண்டு வந்தது. சிக்கனத்துக்காக வாங்கியவைதான் இரண்டும். காசு உள்ளவர்கள் வெள்ளைத்தாளில் எழுதிக் கவரில் போட்டார்கள். கவர் குப்பைக்குப் போயிற்று, முத்திரையும் தேதியும் அதோடு போயின. காலணாக் கார்டில் எழுதியவர்களுடைய தபால் வரலாறு முழுசாகத் தப்பியது.

இன்லண்டைக் கையில் எடுத்தால் தெரியும். மூன்று மடிப்பும் நிரம்பிய பிறகு, பசை தடவிய மடிப்பின் உள்பக்கத்தில், தாளைக் குறுக்கே திருப்பி, பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். முக்கியமான சமாசாரம் அங்கேதான் வரும். அவசரத்தில் பிரித்தவர் பசையோடு சேர்த்துக் கிழித்திருந்தால் சமாசாரம் போயே போயிற்று.

விலாசப் பக்கம் என்ன சொல்லும் என்று கேட்பவர்களுக்கு இடைசெவலையே எடுத்துக்கொள்கிறேன். ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்றிருந்தால் 1986 அக்டோபருக்கு முந்தியது என்று நினைக்கலாம்; பழக்கத்தில் பிறகும் அப்படியே எழுதியவர்கள் உண்டு. ‘சிதம்பரனார் மாவட்டம்’ என்றால் அதற்கு முந்தியது அல்ல: 1986 முதல் 1997 வரை இருந்த பெயர் அது. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. தபால்தலையில் அணாவா, நயா பைசாவா என்று பார்த்தால் 1957 ஏப்ரலுக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். பின்புறம் சேர்ந்த ஊர் முத்திரையும் இருந்துவிட்டால் வழிச்செலவான நாளையும் எண்ணிவிடலாம். அந்த நாளில் சென்னையிலிருந்து ரயிலேறிய தபாலை ஓடுகிற ஆர்.எம்.எஸ். (ரயில் தபால் சேவை) பெட்டியிலேயே ஊர்வாரியாகப் பிரிப்பார்கள். கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கும். அங்கிருந்து தெற்கே நெடுஞ்சாலை வழியாக இடைசெவல். அந்த ரயில்பாதை 1876இலேயே தூத்துக்குடியைத் தொட்டுவிட்டது. வானம் பார்த்த பூமிக்கு மழை தவறினாலும் தபால் வந்தது.

இந்தக் காகிதச் சாட்சிகளுக்குப் பெரிய எதிரி கரையானும் இராமபாணப் பூச்சியும் என்பார்கள். தபால்தலை சேர்த்த பள்ளிக்கூடப் பையன்களை நான் அவற்றுக்கு முன்னால் வைப்பேன். வெளிநாட்டுக் கவர் வந்தால் போதும், தலையை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு மிச்சத்தை எறிவார்கள். 1950களின் நடுவில் கோலாலம்பூரிலிருந்து வந்த கவர் என்றால், சிலாங்கூர் சுல்தானின் படம் போட்ட தலை அதில் ஒட்டியிருக்கும். மலாயாவில் அப்போது மாநிலத்துக்கு மாநிலம் தபால்தலை வேறு. நோட்டில் ஒட்டிய சுல்தானுக்குச் சில்லறை விலைதான். முத்திரையும் இடைசெவல் விலாசமும் கடிதமும் சேர்ந்தே இருந்தால் அது இலக்கிய வரலாற்றின் ஆவணம்.

உ.வே. சாமிநாதையர் இந்த விஷயத்தில் நமக்கு முன்னோடி. தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்திவைத்தார். பாரிசிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழில் எழுதியவையும் அவற்றில் உண்டு. 1877 முதல் 1900 வரையிலானவை ஆ.இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் ‘கடிதக் கருவூலம்’ முதல் தொகுதியாக வந்துவிட்டன. தமிழில் மற்றப் பல கடித நூல்களில் பதிப்பாசிரியர்கள் உள்ளடக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கார்டா கவரா என்றுகூடச் சொல்வதில்லை. எழுதியவர் ஏன் அவ்வளவு சுருக்கினார் என்று விமர்சகர் தலையைப் பிய்த்துக்கொள்வார். கார்டில் இடம் அவ்வளவுதான் என்பது காரணமாக இருக்கும்.

கரிசல் வீடுகளில் இன்னும் கட்டுகள் கிடக்கின்றன. இந்தச் சீமையின் வறண்ட காற்று காகிதத்துக்கு நல்லதே செய்திருக்கிறது. நம் கைதான் கெடுக்கிறது. கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பழுப்புக் கறை இறங்கும். லேமினேஷன் செய்தால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. படமெடுக்கும்போது எழுதிய பக்கத்தோடு விலாசப் பக்கத்தையும், வெறும் பக்கம் என்று தோன்றுவதையும் எடுக்க வேண்டும். அழகிரிசாமி கடிதங்களுக்கு மறுபதிப்பு வரும்போது, மூலங்கள் எந்த அளவு கைக்குக் கிட்டுகின்றனவோ அந்த அளவுக்கு, ஒவ்வொரு கடிதத்தின் கீழும் ஒரு வரி சேர்த்தால் நல்லது: கார்டா இன்லண்டா கவரா, புறப்பட்ட முத்திரையில் என்ன தேதி, சேர்ந்த முத்திரையில் என்ன தேதி.