சியரா நெவாடாவின் குளிர்காலப் பெரும்புயல்கள்

பசிபிக் பெருங்கடலிலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை வந்து, தாழ்நிலத்தில் கனமழையையும் மலைமேல் பெரும்பனியையும் முகடுகளில் சூறைக்காற்றையும் ஒரே வேளையில் கொட்டும் புயல்களே, அமெரிக்காவின் கலிஃபோர்னிய மாநிலத்தின் நீர்வளத்தைத் தீர்மானிக்கின்றன. கோடைமழை அரிதான அம்மாநிலத்தில் ஓராண்டு மழைப்பொழிவின் பெரும்பகுதி இத்தகைய சில புயல்களிலேயே கிடைத்துவிடுகிறது. அவற்றுள் இரண்டு மூன்று தவறினால் வறட்சியும், இரண்டு மூன்று கூடினால் வெள்ளமும் நேர்கின்றன.

இவற்றுள் வலியவற்றுக்கு ஈரம் ஊட்டுவது ‘வளிமண்டல ஆறு’ ஆகும். நிலத்தை ஒட்டிய சில கிலோமீட்டர் உயரத்துக்குள், 400 முதல் 600 கி.மீ. அகலத்தில், ஆயிரக்கணக்கான கி.மீ. நீளத்துக்கு ஓடும் நீராவித் தாரையை இப்பெயர் குறிக்கும். 1990களில் ரெஜினால்டு நியூவெல், யோங் ஜு ஆகிய ஆய்வாளர்களின் கட்டுரைகள் வழியே இது வழக்கில் நிலைபெற்றது. சாதாரணமான ஒரு வளிமண்டல ஆறு, மிசிசிப்பி ஆறு கடலில் சேர்க்கும் சராசரி நீருக்கு ஈடான நீராவியைச் சுமக்கிறது. மிக வலியதோ அதைப்போல 15 மடங்கு வரை சுமக்கும். ஹவாய்த் தீவுகளின் பக்கமிருந்து வருவதைக் கலிஃபோர்னிய மக்கள் ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ என்பர்.

இந்த நீராவியை மழையாக்குவது மலை. வடக்கு தெற்காக ஏறத்தாழ 640 கி.மீ. நீண்டு, விட்னி சிகரத்தில் 4,421 மீட்டர் உயரத்தைத் தொடும் சியரா நெவாடா மலைத்தொடரில் மோதும் ஈரக்காற்று மேலெழுந்து, விரிந்து, குளிர்ந்து தன் நீரை மேற்குச் சரிவில் இறக்கிவிடுவதால், கிழக்கே நெவாடா மாநிலம் மழை மறைவுப் பகுதியாக வறண்டு கிடக்கிறது. முகட்டைத் தாண்டும் காற்று கடும்புயல்களில் மணிக்கு 160 கி.மீ. வேகத்தையும் மிஞ்சுகிறது.

ஆயினும் ஒரு புயல் வரமா கேடா என்பதை அதன் நீரளவைக் காட்டிலும் அதன் வெப்பநிலையே பெரிதும் முடிவு செய்கிறது. விழும் பனி உருகி மழையாக மாறும் உயரத்துக்குப் பனி மட்டம் என்று பெயர். அது தாழ்ந்திருந்தால், மலையில் விழுவதெல்லாம் பனியாகத் தங்கி, ஏப்ரல் முதல் மெல்ல உருகி, வயலுக்கும் நகரத்துக்கும் தேவையான காலத்தில் வந்து சேரும். மாநிலத்தின் நீர்த்தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காடு இவ்வகையில் கிடைக்கிறது. பனி மட்டம் உயர்ந்துவிட்டாலோ அதே நீர் அன்றே ஆற்றில் பாயும். சியராவின் மேற்குச் சரிவு செங்குத்தாக இல்லாமல் மெல்ல ஏறுவதால், பனி மட்டம் சில நூறு மீட்டர் உயர்ந்தாலே பெரும் நிலப்பரப்பு பனியிலிருந்து மழைக்கு மாறிவிடுகிறது. ஏற்கெனவே கிடக்கும் பனிமேல் வெதுவெதுப்பான மழை பெய்து இரண்டும் சேர்ந்து இறங்குவதே இவ்வட்டாரத்தின் மிகக் கொடிய வெள்ளங்களுக்குக் காரணம்.

1861 டிசம்பரிலும் 1862 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த புயல்களின்போது இதுவே நிகழ்ந்தது. முன்பே விழுந்திருந்த பனியின்மேல் வெதுவெதுப்பான மழை பொழிந்ததில் கலிஃபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 480 கி.மீ. நீளமும் 30 கி.மீ. அகலமும் கொண்ட ஏரியாயிற்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், ஏறத்தாழ இரண்டு லட்சம் மாடுகள் மடிந்தன. 1862 ஜனவரி 10 அன்று ஆளுநராகப் பதவியேற்ற லேலண்டு ஸ்டான்ஃபோர்டு, தலைநகர் சாக்ரமெண்டோவின் தெருக்களில் படகேறியே விழாவுக்குச் செல்ல நேர்ந்தது. சட்டமன்றம் சில நாள்களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்ந்தது. பின்னர் சாக்ரமெண்டோ தன் மையத் தெருக்களையே மண்கொட்டி உயர்த்திக்கொண்டது. முன்பு தெருமட்டத்தில் இருந்த கடைகளின் வாசல்களும் சன்னல்களும் இன்று நிலவறைச் சுவர்களில் இருக்கின்றன. ஆற்றோரச் சுரங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த சீனத் தொழிலாளர்களும் இவ்வெள்ளத்தில் மிகுதியாக உயிரிழந்தவர்களுள் அடங்குவர் என்பது, ஆளுநரின் படகுப் பயணத்தைச் சொல்லும் அளவுக்குச் சொல்லப்படாத செய்தி.

குளிர்ந்த புயலின் கேடு வேறு வகையது. 1952 ஜனவரியில் ‘சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ’ என்னும் தொடர்வண்டி யூபா கணவாய்க்கருகே பனியில் புதையுண்டு, அதிலிருந்த 226 பேர் மூன்று நாள் சிக்கிக் கிடந்தனர். கடலீரம் மிகுந்த இந்தப் பனியின் கனத்தைக் கருதியே உள்ளூரார் அதைச் ‘சியரா சிமெண்ட்’ என்கின்றனர்.

பனியின் ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது, அதில் அடங்கிய நீரின் அளவு தெரியவேண்டும் என்பதை உணர்ந்து அதற்குக் கருவி செய்தவர், நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் முதலிய செவ்வியல் மொழிகளைக் கற்பித்த ஜேம்ஸ் சர்ச் ஆவார். விளிம்பில் பல் வெட்டிய உலோகக் குழாயைப் பனிக்குள் தரைவரை இறக்கி, பனித்தண்டோடு வெளியே எடுத்துத் தராசில் தொங்கவிட்டு நிறுக்கும் அவருடைய முறை, நூறாண்டுக்குப் பின்னும் வழக்கில் இருக்கிறது. சியராவில் இவ்வாறு பனி அளக்கப்படும் இடங்களுள் ஒன்றான ஃபிலிப்ஸ் நிலையம் என்னும் புல்வெளியில் 2015 ஏப்ரல் 1 அன்று அளக்கப் பனியே இல்லை. ஆளுநர் ஜெரி பிரவுன் வெறும் புல்தரைமேல் நின்று நகர்ப்புற நீர்ப்பயன்பாட்டை 25 விழுக்காடு குறைக்க ஆணையிட்டார். அதே இடத்தில் 2023 ஏப்ரல் 3 அன்று பனி மூன்று மீட்டருக்கும் மேல் நின்றது.

அணைகளைக் காப்போரின் இக்கட்டும் பனியின் இந்த ஏற்ற இறக்கத்தோடு பிணைந்தது. வெள்ளத்தை ஏற்கக் குளிர்காலத்தில் நீர்த்தேக்கத்தில் வெற்றிடம் விடவேண்டும். கோடைக்காக நிரப்பியும் வைக்கவேண்டும். 235 மீட்டர் உயரமுள்ள ஓரவில் அணையில் 2017 பிப்ரவரியில் முதன்மை உபரிநீர்ப் போக்கி சிதைந்ததால், 1968இல் கட்டி முடித்தபின் முதன்முறையாக அவசரப் போக்கி வழியே நீர் வழிந்து, அதன் கீழ்ச்சரிவு அரிக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ 1,88,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர். புவி வெப்பமடைவதால் பனி மட்டம் ஏறிவருவது இந்த இக்கட்டை இன்னும் இறுக்குகிறது. இவ்வாறு வரமாகவும் கேடாகவும் அமையும் வளிமண்டல ஆறுகளை நீராவி ஓட்டத்தையும் அது நீடிக்கும் நேரத்தையும் கொண்டு ஐந்து நிலைகளாகப் பிரித்து, முதல் நிலையைப் பெரிதும் நன்மையென்றும் ஐந்தாம் நிலையைப் பெரிதும் ஆபத்தென்றும் குறிக்கும் அளவுகோல் 2019இல் வெளியானது.

புயல் ஓய்ந்த பிறகும் அதன் வரலாறு பல மாதங்கள் நீள்வதுண்டு. முன்னொரு காலத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே மிகப்பெரிய நன்னீர் ஏரியாக விளங்கி, ஆறுகளைத் திருப்பி வேளாண் நிலமாக்கப்பட்ட துலாரி ஏரி, 2023ஆம் ஆண்டின் புயல்மழையாலும் அதன்பின் உருகிய பனிநீராலும் பருத்தி, தக்காளி வயல்களை மூழ்கடித்து மீண்டும் தோன்றியது. உழவர்கள் அதை வெள்ளம் என்றனர். அந்த ஏரிக்கரையில் தொன்றுதொட்டு வாழும் தாச்சி யோக்குட் பழங்குடியினர், தங்கள் மொழியில் ‘பாஆஷி’ எனப்படும் ஏரி திரும்பி வந்ததாகக் கொண்டு அதன் கரையில் சடங்குகள் செய்தனர்.