இரணியலில் இருந்து கொழும்பு: ஒரே டிக்கெட்டின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "கையில கொஞ்சம் காசுதான் இருக்கு. ரயில், கப்பல், மலிவு விமானம்னு மாத்தி மாத்திப் பிடிச்சு ரெண்டு மூணு நாடு பார்த்துட்டு வர முடியுமா?" முடியும். ஆனா இது நம்ம தலைமுறை கண்டுபிடிச்ச வித்தை இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கத்துல இதுக்கு ஒரு பேர் இருந்துச்சு: போட் மெயில்.

எனக்கு ஊர் இரணியல். எங்க ஊருக்கு ரயில் வந்ததே 1979-இல், திருவனந்தபுரம் - கன்னியாகுமரி பாதை திறந்தபோதுதான். அதுக்கு முன்னாடி இங்கிருந்து இலங்கைக்குப் போகணும்னா ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி திருநெல்வேலி போகணும். அங்கே ரயில் ஏறி தூத்துக்குடி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு. அப்போ நாம திருவிதாங்கூர் பிரஜைகள். அதாவது திருநெல்வேலி போறதே ஒரு எல்லையைக் கடக்கிற பயணம்.

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. வழியே மாறிப்போச்சு. சென்னை எழும்பூரில் ரயில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கலாம். அங்கே நீராவிக் கப்பல் காத்திருக்கும். சுமார் 35 கிலோமீட்டர் கடல். அந்தப் பக்கம் தலைமன்னாரில் இலங்கை ரயில் நிற்கும். எழும்பூரிலேயே கொழும்பு வரைக்கும் ஒரே டிக்கெட் எடுத்துவிடலாம்.

இதில் பெரிய விஷயம் கட்டணம் இல்லை, இணைப்பு. ரயிலின் நேரத்தைக் கப்பலோடும், கப்பலின் நேரத்தை அடுத்த ரயிலோடும் கோர்த்து வைத்திருந்தார்கள். பயணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், மற்ற கவலையெல்லாம் ரயில்வேயுடையது. இன்றைக்கு நாம் மூன்று செயலிகளில் மூன்று டிக்கெட் போடுகிறோம். கப்பல் தாமதமானால் விமானம் நமக்காக நிற்காது. மலிவு டிக்கெட் ஏன் மலிவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இணைப்பு அறுந்தால் வரும் நஷ்டம் முழுவதும் நம் தலையில்.

இதே வழியில் இன்னொரு வகை டிக்கெட்டும் இருந்தது. அது காகிதம் இல்லை, தகரம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களுக்கு, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். அதுதான் அவர்களுக்குப் பயணச்சீட்டு, அடையாளம் எல்லாமே. கையில் காசு கொடுக்க வேண்டாம், செலவு தோட்டத்தின் கணக்கில் போகும். கேட்க நல்லாத்தான் இருக்கு, இல்லையா? ஆனால் கங்காணியிடம் வாங்கிய முன்பணமும் அதன்மேல் ஏறிய கடனும் ஆளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டன. ஒரு தோட்டம் விட்டு இன்னொன்றுக்குப் போக, அந்தக் கடனை எழுதிய 'துண்டு' வேண்டும். 1921-இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கப்பல் ஏறுவதற்கு முன் மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டதும் இந்த மக்கள்தான்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. ஊரும் துறைமுகமும் அழிந்தன. பிறகு ராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடியது. இலங்கையில் போர் தொடங்கியதும் 1980-களின் நடுவில் அதுவும் நின்றது.

இப்போ நிலைமை என்ன? 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாளிலேயே மழைக்காலம் வந்து நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆகவே நம்ம ஊரில் இருந்து ஒரு திட்டம்: ரயிலில் நாகப்பட்டினம், கப்பலில் காங்கேசன்துறை, அங்கிருந்து யாழ்ப்பாணம் வழியாக ரயிலில் கொழும்பு. கொழும்பில் இருந்து கோலாலம்பூருக்கு மலிவு விமானம். அதற்கும் மேலே ஆசை இருந்தால், மலேசிய ரயிலில் எல்லையில் உள்ள பாடாங் பெசார் போய், தாய்லாந்து ரயிலுக்கு மாறலாம்.

மூன்று விஷயம் மட்டும் மறக்காதீங்க. ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கப்பலை நம்பித் திட்டம் போடாதீங்க. இரண்டு, கப்பல் இறங்கும் நாளிலேயே கொழும்பு விமானம் போடாதீங்க. நடுவில் ஒரு இரவாவது விடுங்க. யாழ்ப்பாணத்தில் தங்கினால் அது வீண் செலவு இல்லை. மூன்று, டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல் விசா, பெட்டி எடை, தங்கும் செலவு எல்லாத்தையும் ஒரே தாளில் கூட்டிப் பாருங்க.

கடைசியா ஒரு சங்கதி. அந்தப் புயலுக்கு இரண்டு மாதம் முன்னாடி, 1964 அக்டோபரில், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று முடிவானது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவர்கள், தலைமன்னாரில் இருந்து கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலேயே, அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். கீரிப்பாறைப் பக்கம் போனால் அந்தக் குடும்பங்களைப் பார்க்கலாம். நாம் போக வர டிக்கெட் போடுகிறோம். அவர்களுக்கு இதே கடல் இரண்டு தடவையும் ஒருவழிப் பாதையாகத்தான் இருந்தது. இலங்கைக்குத் திட்டம் போடுறதுக்கு முன்னாடி கீரிப்பாறைக்கு ஒரு நாள் போய்ட்டு வாங்க மக்கா, பஸ் டிக்கெட்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.