கதிர்ச்சிகிச்சை: அளவைச் சரிபார்ப்பது யார்?

அம்மாவைக் கதிர்ச்சிகிச்சைக்குக் கூட்டிச் சென்ற நாட்களில், கண்ணுக்குத் தெரியாத கதிரை எப்படி அளக்கிறார்கள் என்று யோசித்ததுண்டு.

ஒரு கிலோகிராம் இழையம் ஒரு யூல் சக்தியை உறிஞ்சினால் அது 1 கிறே. வழமையாக ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கிறே கொடுப்பார்கள். குறைந்தால் புற்று எஞ்சும். கூடினால் நல்ல இழையமும் சிதையும்.

உடலின் பெரும்பகுதி நீர். ஆகவே மருத்துவப் பௌதிகவியலாளர் நீர்த்தொட்டிக்குள் அயனாக்கல் அறை எனும் சிறு கருவியை வைத்து இயந்திரத்தின் கதிரை அளக்கிறார். அந்த அளவீடே பிழைத்தால்? அதற்காகவே சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் வைத்தியசாலைகளுக்குச் சிறிய கதிர் அளவிகளைத் தபாலில் அனுப்புகின்றன. அவற்றுக்குக் கதிர் பாய்ச்சித் திருப்பி அனுப்ப வேண்டும். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேடப்படும்.

இயந்திரம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்று அன்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.