ஜப்பான்காரன் காலத்து வேலைச் சொற்கள்

இச்சி, நி, சான், சி, கோ, ரொக்கு, சிச்சி, ஹாச்சி, கு, ஜூ. ஒன்று முதல் பத்து வரையிலான இந்த ஜப்பானிய எண்களை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத தோட்டத்துப் பெரியவர்கள் பலர் முதுமையிலும் மறக்காமல் சொன்னதுண்டு. அவர்கள் இவற்றைப் புத்தகத்தில் படிக்கவில்லை. விடியற்காலையில் வரிசையில் நின்று, தம் முறை வந்ததும் உரக்கச் சொல்லிச் சொல்லிப் படித்தார்கள். தவறினால் கன்னத்தில் அறை விழும்.

நேயர்களே, ஜப்பான்காரன் காலம் என்றதும் பஞ்சமும் மரவள்ளிக் கிழங்கும் வாழைமரத்து நோட்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த மூன்றரை ஆண்டுகளில் நம்மவர்கள் வேலைக்காகக் கற்றுக்கொண்ட ஜப்பானியச் சொற்களை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தச் சொற்களைக் கற்றார்கள், எவற்றைக் கற்க வாய்ப்பே கிடைக்கவில்லை என்று பார்த்தால், அந்த வேலை எத்தகையது என்பது விளங்கிவிடும்.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிங்கப்பூருக்குச் சியோனான் என்று பெயர் மாறியது. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். ஆண்டுக் கணக்கும் மாறி, 1942 என்பது தபால் தலைகளில் 2602 என்று அச்சாயிற்று. மொழியை மட்டும் விட்டுவைப்பார்களா? 1942 ஜூன் மாதத்திலேயே சிங்கப்பூரில் 'நிப்பொன்கோ' வாரம் கொண்டாடினார்கள். நிப்பொன்கோ என்றால் ஜப்பானிய மொழி. பத்திரிகைகளில் கத்தகானா எழுத்துப் பாடங்கள் வெளிவந்தன. வானொலி இசைக்கு ஏற்ப, எண்ணிக்கை சொல்லி உடற்பயிற்சி செய்யும் வழக்கமும் வந்தது.

பட்டணத்தில் எழுத்துப் படித்தவர்கள் கத்தகானா கற்றார்கள். சிலருக்கு அலுவலக வேலையும் கிடைத்தது. தோட்டத்து மக்களுக்கு வந்து சேர்ந்தது வேறு பாடம். ரப்பரை வாங்கிவந்த பிரிட்டனும் அமெரிக்காவும் எதிரி நாடுகளாகிவிட்டதால் பால் வெட்டு வேலை வெகுவாகக் குறைந்தது. அரிசி இல்லை, துணி இல்லை, சம்பளமும் இல்லை. அந்த நேரத்தில்தான் சயாமில் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்ற பேச்சு தோட்டங்களுக்கு வந்தது. நம்பிப் போனவர்கள் உண்டு. பலவந்தமாக லாரியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

அங்கே அவர்களுக்குக் கிடைத்த முதல் சொல் அவர்களுடைய பெயராகவே ஆகிவிட்டது: ரோமுஷா. ஜப்பானில் இது சாதாரணச் சொல். உடலுழைப்புத் தொழிலாளி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சயாமிலும் பர்மாவிலும் ஜாவாவிலும் அந்தச் சொல் பட்ட பாட்டினால், இன்று வரலாற்று நூல்களில் அதற்குக் கட்டாய உழைப்பாளி என்றே பொருள் நிலைத்துவிட்டது.

இங்கே இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானிய மொழியில் 'கூரி' என்று ஒரு சொல் உண்டு. அது வேறு எங்கிருந்தும் வந்ததல்ல, நம்முடைய 'கூலி'தான் என்று பலர் கருதுகின்றனர். குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்போரும் இருக்கிறார்கள். எப்படியானாலும், வேலைக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் குறிக்கும் சொல், வெள்ளைக்காரன் வாயில் புகுந்து வேலை செய்யும் மனிதனைக் குறிப்பதாக மாறியது. பிறகு சீனாவுக்குப் போனது. அங்கே அதை ஓசைக்கு ஏற்ப இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள்: முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை. அதே எழுத்துகளுடன் அது ஜப்பானியருக்கும் போய்ச் சேர்ந்தது. ஊதியம் என்ற பொருள் நடுவழியில் எங்கோ உதிர்ந்து, துன்பம் வந்து ஒட்டிக்கொண்டது!

சயாம் ரயில் பாதை பான்பொங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை சுமார் 415 கிலோமீட்டர். கடல் வழியில் எதிரி நீர்மூழ்கிகளின் தொல்லை இருந்ததால், பர்மாவிலிருந்த படைக்குத் தரை வழியாகச் சாமான் அனுப்ப இது வேண்டியிருந்தது. 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேர் அளவில் இருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல மூன்று மடங்குக்குக் குறையாது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

அந்தக் காட்டில் காலை 'தெங்கோ'வுடன் தொடங்கும். தெங்கோ என்றால் ஆள் கணக்கெடுப்பு. நம் தோட்டத்துப் பெரட்டுதான் அது. ஆனால் பெரட்டில் கிராணியார் பெயரைக் கூப்பிடுவார். முனியாண்டி என்றால் முனியாண்டி, அஞ்சலை என்றால் அஞ்சலை. தெங்கோவில் 'பாங்கோ' என்று கட்டளை பிறக்கும். பாங்கோ என்றால் எண். வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவரும் எண்ணைச் சொல்ல வேண்டும். நேற்று நூறு பேர், இன்று தொண்ணூற்றிரண்டு பேர் என்றால் எட்டு குறைகிறது. அந்த எட்டுப் பேர் யார் யார் என்று அந்தக் கணக்கு சொல்லாது.

இந்த எண்களில் 'சி' என்றால் நான்கு. சாவு என்பதற்கும் ஜப்பானியத்தில் 'சி'தான். 'கு' என்றால் ஒன்பது. துன்பம் என்பதற்கும் 'கு'. அதனால் ஜப்பானியர் இவ்வெண்களைக் கூடியமட்டும் தவிர்ப்பார்கள். மருத்துவமனைகளில் நான்காம் எண் அறை இல்லாமலே கட்டுவதும் உண்டு. நம்மவர்கள் அந்தப் பொருள் தெரியாமலே நாள்தோறும் அவற்றை உரக்கச் சொன்னார்கள்.

கட்டளைச் சொற்கள் வேறு பல. 'கியோத்ஸுகே' என்றால் விறைப்பாக நில். 'யாஸுமே' என்றால் ஓய்வாக நில். 'பக்கயாரோ' என்ற வசவு நம் மக்கள் வாயில் 'பகேரோ' ஆயிற்று. எல்லாவற்றிலும் கொடியது ஜப்பானியமே அல்ல: 'ஸ்பீடோ'. ஆங்கிலச் சொல்லுக்கு ஜப்பானிய வால் ஒட்டியது. 1943-இல் பாதையைக் குறித்த காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று மேலிடம் நெருக்கிய மாதங்களுக்குப் போர்க்கைதிகள் ஸ்பீடோ காலம் என்றே பெயர் வைத்தார்கள். மழைக்காலமும் வாந்திபேதியும் வந்ததும் அதே மாதங்களில்தான்.

தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகப் போடும் கட்டைக்கு ஜப்பானியர் 'மக்குராகி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மக்குரா என்றால் தலையணை, கி என்றால் மரம். தண்டவாளம் தலைவைத்துப் படுக்கும் மரம் என்ற அழகான கற்பனை. ஒரு கட்டைக்கு ஓர் உயிர் என்று அந்தப் பாதையைப் பற்றிச் சொல்வார்கள். இறந்த ஆசியத் தொழிலாளர் தொகை சுமார் 90,000 என்று பொதுவாக மதிப்பிடுகின்றனர்; சரியான கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை. போர்க்கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், மறைத்து வைத்து நாட்குறிப்பு எழுதியவர்களும் இருந்தார்கள். பெண்டு பிள்ளைகளுடன் போயிருந்த தோட்டக் குடும்பங்களுக்கு அந்த மூன்றுமே இல்லை. அதனால்தான் பெரியவர்களின் நாவில் தங்கிய சில சொற்களைக் கூட நாம் சான்றாகக் கருத வேண்டியிருக்கிறது.

தொழிலாளி தன் வாயால் கேட்பதற்கு இருந்த சொற்கள் மிகச் சில. 'மிஸு', தண்ணீர். 'மேஷி', சோறு. 'பியோக்கி', நோய். பியோக்கி என்று சொன்னால் ஓய்வு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. நோயாளிக்குச் சோற்றுப் பங்கைக் குறைத்தார்கள் என்று போர்க்கைதிகளின் குறிப்புகள் கூறுகின்றன. சம்பளத்துக்கு ஜப்பானியத்தில் 'கியூரியோ' என்று ஒரு சொல் இருக்கிறது. வேலையில் பட்ட காயத்துக்குக் 'கெகா' என்று சொல் இருக்கிறது. இவற்றைச் சொல்லிக் கேட்கும் நிலை அங்கே இல்லை. கீழ்ப்படிய வேண்டிய சொற்கள் மட்டும் கற்பிக்கப்பட்ட இடத்தை வேலைத்தலம் என்று நாம் சொல்ல மாட்டோம்.

1944-இல் ஜப்பானிய ரயில்வே படையினரே குவாய் ஆற்றுப் பாலத்தின் அருகே இறந்தவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அதிலுள்ள கல்வெட்டுகளில் ஒன்று தமிழில் இருக்கிறது. நம் நாட்டில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலில் இந்தக் கதையை எழுதினார்.

போருக்குப் பிறகு ஜப்பானிலேயே வேலைச் சொற்கள் மாறின. 1945 டிசம்பரில், சரணடைந்து நான்கே மாதங்களில், அங்கே தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழிற்சங்கத்துக்கு 'ரோதோ குமியாய்' என்று பெயர். இதிலுள்ள 'ரோ'வும் ரோமுஷாவிலுள்ள 'ரோ'வும் ஒரே எழுத்து. உழைப்பு என்று பொருள். இதிலுள்ள 'குமி'யும் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வேலைக்கு அனுப்பும் போது சொல்லும் 'குமி'யும் ஒன்றேதான். 1947-இல் வந்த தொழிலாளர் தரச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, அடித்தும் அச்சுறுத்தியும் அடைத்து வைத்தும் வேலை வாங்குவதைத் தடை செய்தது. தோட்டத்துப் பக்கம் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்ததை நேயர்கள் அறிவீர்கள்.

பிறகு ஜப்பானியர் ஆலை கட்ட வந்தார்கள். 1965-இல் மட்சுஷித்தா நிறுவனம் மலேசியாவில் தொடங்கப்பட்டது. 1982-இல் பிரதமர் மகாதீர் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்த பின் மாணவர்களும் பயிற்சியாளர்களும் ஜப்பானுக்கே போனார்கள். பாட்டன் கற்ற இச்சி, நி, சானைப் பேரனும் பேத்தியும் மறுபடி கற்றார்கள், இம்முறை நாற்காலியில் உட்கார்ந்து. 'அன்ஸென்' என்றால் பாதுகாப்பு. 'ஸாங்கியோ' என்றால் மிகைநேர வேலை. பாட்டனுக்குக் கட்டளையாக இருந்த யாஸுமே, சற்றே உருமாறி 'யாஸுமி' என்று வந்தது. அதற்கு விடுமுறை என்று பொருள்.

ஜப்பானிய நிறுவனங்களில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் காலை வணக்கம் சொல்லக் கற்பிக்கிறார்கள், நல்லதுதான். கியூரியோ, ஸாங்கியோ, யாஸுமி, கெகா என்ற நான்கையும் அதனுடன் சேர்த்துப் படித்துக்கொள்ளச் சொல்வோம். முதலாளியிடம் கேட்க வேண்டியவை பெரும்பாலும் இந்த நான்கில் அடங்கிவிடுகின்றன.